பதினைந்து சொல்

குகதீபன் சொன்னான்: முதல் பதினைந்து சொல்லுக்கு
ஒரே விலை, அக்கா.
பதினாறிலிருந்து சொல்லுக்குச் சொல் காசு.
அவனுடைய கடை வாசலில் நின்றபடி
கறன்ட் பில்லின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன்.

உதயநகரில் மூன்று அறை வீடு.

மூன்றா?
வீட்டுத்திட்டக் காசு இரண்டு அறையோடு முடிந்தது.
மூன்றாவதுக்குச் சுவர் இருக்கிறது.
கூரை கட்டாரிலிருந்து வரவேண்டும்,
தவச்செல்வத்துக்கு ஓவர்டைம் கிடைத்தால்.
இப்போதைக்கு அந்த அறைக்குள்
ஒரு பப்பாசி நிற்கிறது, காய்த்துக்கொண்டு.
மூன்றை வெட்டி இரண்டு என்று போட்டேன்.

நன்னீர்க் கிணறு.
கேத்திலின் அடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்,
உளி வைத்துத்தான் சுண்ணாம்பைக் கிளப்பவேண்டும்.
குடிக்கிற தண்ணி பவுசரில், செவ்வாயும் சனியும்
ஒழுங்கை முனைத் தாங்கிக்கு வரும்.
இதையெல்லாம் எழுத யாரிடம் காசிருக்கிறது?
நன்னீர் என்றே விட்டேன்.

ஏ9 வீதிக்கு அண்மையில்.
யாழிசைக்குச் சைக்கிளில் நாலு நிமிடம்.
மாப்பையைத் தலையில் வைத்து நடந்தால் பதினாலு.
மார்கழியில் மதகுக்கு மேலால் தண்ணி பாய்ந்தால்
அண்மை என்று ஒன்றும் இல்லை.

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை, வங்கி, ரயில் என்று
நான் அடுக்கிக்கொண்டு போக
குகதீபன் எட்டிப் பார்த்தான்:
"சகல வசதிகளுக்கும் அருகில் எண்டு போடுங்கோ.
மூண்டே சொல்லு."

சகல வசதி.
அதற்குள் யார் யார் வந்து ஒடுங்கி நிற்கிறார்கள்:
ஆறரைக்கு ஒரே மெட்டை ஊதிக்கொண்டு வரும் பாண் ஆட்டோ,
கடன் கொப்பியை மேசையில் திறந்தபடி விட்டுவிட்டு
கோயிலுக்குப் போய்வரும் றஞ்சிதத்தின் கடை,
பொடியள் கண்ணாடி பார்ப்பதற்காகவே திறந்த ஜிம்,
கட்டி முடியாத வாசிகசாலை,
கட்டி முடிந்த பார்.
புதன்கிழமை தவணைக்காசுக்கு வரும் பிள்ளை,
எங்கள் செம்பு எங்கே கவிழ்ந்திருக்கும் என்று
கேட்காமலே தெரிந்தவள்.
அவளும் ஒரு வசதியா?
அவளால்தானே இந்த விளம்பரம்.

ஒரு காலம் இந்தப் பக்கத்துக் காணிக்கு
வெடி எடுத்தாச்சு என்று சொன்னால்தான் ஆள் வரும்.
இப்போது அட்டாச் பாத்ரூம் இருக்கா என்கிறார்கள்.
இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.
ஆனால் அந்தக் கேள்வி பிடித்திருக்கிறது.

உரிமையாளர் பின்வளவில் வசிப்பார்.
நாங்கள்தான் அந்த உரிமையாளர்.
பின்வளவு என்பது தகரக் கொட்டில்.
மகளின் மேசை அதற்குள் போகுமா என்று
நேற்று இரவு சாணால் அளந்து பார்த்தோம்.
ஒரு காலை வெளியே விட்டால் போகும்.

யாழிசை போனில் சொன்னாள்:
"அம்மா, நாயைப் பற்றி எழுதுங்கோ.
அது எங்களோட வராது.
முன்விறாந்தைதான் வீடு எண்டு நினைச்சிருக்கு.
வாறவைக்கு முதலே தெரியவேணும்."

நாய் உண்டு.
விரல் மடக்கி எண்ணினேன். சரியாகப் பதினைந்து.
"நம்பரும் ஒரு சொல்லு, அக்கா" என்றான்.

எதை எடுப்பது?
கன நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.
பின்னால் ரீலோடு கார்ட்டுக்கு ஒரு பொடியன் காத்திருந்தான்.
நன்னீரை வெட்டினேன். கிணறு மிஞ்சியது.

ஞாயிறு காலை, பாண் ஆட்டோ போன கையோடு
முதல் அழைப்பு.
மன்னாரிலிருந்து மாற்றலாகி வரும் டீச்சர்.
அறையைக் கேட்கவில்லை, கிணற்றைக் கேட்கவில்லை.
நாய்க்கு என்ன பேர் என்று கேட்டா.
சொன்னேன்.
நல்ல பேர் என்றா.
பிறகு, வாடகை எவ்வளவு?

அதை நான் எழுதவே இல்லை.